குழாய் வெடித்து 666 டாலர் பில்: பொதுப்பணி வாரியத்தில் முறையிட்டால் குறையுமா?

பொருநைக்கரை:

வணக்கம். இந்தியானாவில் ஒரு சிறு நகரத்தில் நான்கு வருடமாகச் சொந்த வீட்டில் இருக்கிறோம். ஊர்ப் பெயரைத் தவிர்த்துவிடுகிறேன். இது தெரிந்தவர்கள் யாராவது வழி சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

ஜனவரி 12 அன்று குடும்பத்தோடு திருநெல்வேலிக்குக் கிளம்பினோம். அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன். வீட்டில் ஹீட்டரை அணைக்கவில்லை, 60 டிகிரி ஃபாரன்ஹீட்டில் விட்டுவிட்டுத்தான் வந்தோம். ஆனால் வீட்டுக்கு அடியில் ஆள் தவழ்ந்து போகிற அளவுக்கு ஓர் இடைவெளி இருக்குமே, கிரால் ஸ்பேஸ், அதன் காற்றுத் துளை ஒன்றை மூடாமல் விட்டுவிட்டேன். அதற்குப் பக்கத்திலேயே செம்புக் குழாய் ஓடுகிறது. 18-ஆம் தேதி இரவு கடும் குளிரில் அது வெடித்துவிட்டது.

எங்களுக்கு எதுவும் தெரியாது. 30-ஆம் தேதி மாலை பக்கத்து வீட்டு அம்மா போனில் கூப்பிட்டு, "உங்கள் வீட்டுப் பக்கவாட்டில் தரையெல்லாம் பனிக்கட்டிப் பாளமாக இருக்கிறது, எங்கிருந்தோ தண்ணீர் வந்துகொண்டே இருக்கிறது" என்றார். சாவி வைத்திருந்த நண்பர் வேலை முடிந்து இரவு பதினொரு மணிக்குப் போய் மெயின் வால்வை மூடினார்.

இப்போது பில் வந்திருக்கிறது. வழக்கமாக மாதம் 4 ஆயிரம் கேலன், 92 டாலர். இந்த முறை 45 ஆயிரம் கேலன். தண்ணீருக்கு 233, கழிவுநீருக்கு 415, மழைநீர் வடிகாலுக்கு 6, குப்பைக்கு 12, ஆக 666 டாலர். வீணான தண்ணீரைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கிளம்பும் வரை நாங்கள் செலவழித்த 2 ஆயிரம் போக, 43 ஆயிரம் கேலன். அது ஒரு லட்சத்து அறுபதாயிரம் லிட்டருக்கு மேல். நம் ஊரில் 12 ஆயிரம் லிட்டர் லாரி ஓடுகிறதே, அதில் பதின்மூன்று லாரிக்கும் அதிகம். கோடையில் குடத்தோடு வரிசையில் நின்று வளர்ந்தவன் நான். பணத்தைவிட அதுதான் மனதைப் பிசைகிறது.

நகர அலுவலகத்தில் கேட்டதற்கு, "மீட்டரைத் தாண்டி வந்த தண்ணீர் உங்கள் பொறுப்பு. வேண்டுமானால் போர்டு ஆஃப் பப்ளிக் வொர்க்ஸ் கூட்டத்தில் முறையிடுங்கள், செவ்வாய்க்கிழமை மாலை நடக்கும்" என்றார்கள். அவ்வளவுதான்.

முறையிடுவதில் பயன் இருக்கிறதா? பிப்ரவரி 20 கடைசித் தேதி, அதற்குள் முழுதும் கட்டிவிட வேண்டுமா? கிரீன் கார்டு விண்ணப்பம் நிலுவையில் இருக்கிறது, அரசாங்கத்தோடு தகராறு என்று எதிலாவது பதிவாகிவிடுமோ என்று என் மனைவி பயப்படுகிறார். "கட்டித் தொலைத்துவிட்டு நிம்மதியாக இருப்போம்" என்கிறார். எனக்கும் ஒரு சபையில் எழுந்து நின்று இங்கிலீஷில் பேசி வழக்கமில்லை.

---

பழைய கவுண்டர்:

தம்பி, நான் இதே மாநிலத்தில் வேறொரு சிறு நகரத்தின் தண்ணீர் பில் கவுண்டரில் பதினொரு வருடம் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீங்கள் நின்ற மாதிரி எத்தனையோ பேர் நின்றார்கள். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள்: தண்ணீர் பில்லைப் பற்றி நகர வாரியத்தில் பேசுவதற்கும் குடியேற்றத் துறைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இது வழக்கே இல்லை. நகரத்தில் பில் கட்டுகிற ஒருவர், கணக்கைச் சரிபார்க்கச் சொல்லிக் கேட்கிறார். அதற்கென்றே அந்த வாரியம் கூடுகிறது.

அடுத்தது முக்கியம். 666 டாலரையும் தள்ளுபடி செய்யுங்கள் என்று கேட்காதீர்கள். பில்லை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள்.

தண்ணீர்ப் பகுதி 233. அந்தத் தண்ணீரை நகரம் இறைத்தது, சுத்தம் செய்தது, குளோரின் போட்டது, உங்கள் வீட்டு மீட்டர் வரைக்கும் அழுத்தம் கொடுத்து அனுப்பியது. அதற்கான செலவு ஆகிவிட்டது. இதைப் பல வாரியங்கள் குறைப்பதில்லை. கேட்டால் தப்பில்லை, ஆனால் அதைக் கேட்கப் போய் மற்றதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கழிவுநீர்ப் பகுதி 415. இங்கேதான் விஷயம் இருக்கிறது. கழிவுநீர்க் குழாயில் மீட்டர் கிடையாது. உள்ளே எவ்வளவு தண்ணீர் வந்ததோ அவ்வளவும் சாக்கடை வழியாக வெளியே போயிருக்கும் என்று ஓர் ஊகம், அந்த ஊகத்தின் மேல்தான் பில். சாதாரண மாதத்தில் அது சரியான ஊகம். உங்கள் விஷயத்தில் அது பொய்த்துவிட்டது. தண்ணீர் மண்ணிலும் பனியிலும் போயிற்று, சுத்திகரிப்பு நிலையத்துக்கு ஒரு சொட்டுகூடப் போகவில்லை. செய்யாத வேலைக்கு நகரம் கூலி வாங்கக்கூடாது என்பதுதான் உங்கள் வாதம். இதில் கருணை கேட்க எதுவும் இல்லை. வெறும் கணக்குதான்.

நீங்கள் கொடுத்த எண்களிலிருந்து கழிவுநீருக்கு ஆயிரம் கேலனுக்கு 9 டாலர், அடிப்படைக் கட்டணம் 10 டாலர் என்று எடுத்துக்கொள்கிறேன். கசிவு 43 ஆயிரம் என்றால் 387 டாலர் வருகிறது. ஆனால் பல நகரங்களில் முறை வேறு. கடந்த 12 மாதச் சராசரியை எடுத்து, அந்த மாதமும் அவ்வளவுதான் ஓடியது என்று வைத்துக் கணக்கிடுவார்கள். உங்கள் சராசரி 4 ஆயிரம். அப்படியானால் கழிக்க வேண்டியது 41 ஆயிரம், அதாவது 369 டாலர். பாதி மாதம் ஊரிலேயே இல்லையே, 2 ஆயிரம்தானே ஓடியிருக்கும் என்று 18 டாலருக்காக வாதாடாதீர்கள். அவர்கள் வழக்கமாகச் செய்கிற கணக்கையே நீங்களும் போட்டுக்கொண்டு போனால் தலையசைப்பது அவர்களுக்குச் சுலபம்.

சரி, கவுண்டரில் இருந்தவர் ஏன் தானே இதைச் செய்யவில்லை? உங்களுக்கு அந்தக் கோபம் இருக்கும். அவரால் முடியாது, தம்பி. கட்டண விகிதம் நகர மன்றம் நிறைவேற்றிய ஆர்டினன்ஸில் இருக்கிறது. ஆர்டினன்ஸ் என்றதும் நமக்கு ஆளுநர் பிறப்பிக்கிற அவசரச் சட்டம் நினைவுக்கு வரும், இங்கே அது நகரத்தின் சாதாரண விதி. அந்த விதிப்படி வந்த பில்லில் ஒரு டாலரை நான் குறைத்தாலும், யார் அனுமதித்தார்கள் என்று ஒரு காகிதம் காட்ட வேண்டும். இந்தியானாவில் ஸ்டேட் போர்டு ஆஃப் அக்கவுண்ட்ஸ் என்கிற மாநிலத் தணிக்கைத் துறை, நகரங்களின் கணக்கைத் தணிக்கை செய்கிறது. வாரியம் ஓட்டுப் போட்டு, அது கூட்டக் குறிப்பில் ஏறினால், அதுதான் அந்தக் காகிதம். எதிரே நிற்பவர் சொல்வது முழுக்க உண்மை என்று தெரிந்தும் "முடியாது" என்று நான் சொல்ல வேண்டி வந்த நாள்கள் உண்டு. அன்றெல்லாம் வாரியக் கூட்டத்தின் தேதியை ஒரு சீட்டில் எழுதி, கையிலேயே கொடுத்துவிடுவேன். உங்களுக்குச் சொன்னவரும் அதைத்தான் செய்திருக்கிறார்.

வாரியத்தைப் பற்றி. இந்தியானா நகரங்களில் அதன் முழுப்பெயர் போர்டு ஆஃப் பப்ளிக் வொர்க்ஸ் அண்ட் சேஃப்டி. தெருவும் சாக்கடையும் மட்டுமில்லை, போலீஸ், தீயணைப்புப் படை ஆட்களை எடுப்பதும் அவர்கள் பொறுப்பில் வரும். உறுப்பினர்கள் பெரும்பாலும் மேயர் நியமித்த உள்ளூர்க்காரர்கள். ஒரே மாலையில் தெருவிழாவுக்குச் சாலையை மூட அனுமதி, ரோடு போடுகிற ஒப்பந்தம், குப்பை வண்டி வாங்குவது எல்லாம் நடக்கும். நடுவில் உங்கள் பில். கோர்ட் மாதிரி இருக்கும் என்று நினைத்துப் பயப்படாதீர்கள், நம் ஊர்ப் பஞ்சாயத்து அலுவலகத்தில் பெஞ்சு போட்டு உட்கார்ந்திருப்பது போலத்தான் இருக்கும். மாநிலத்தின் ஓப்பன் டோர் சட்டப்படி கூட்டம் பொதுவில் நடக்க வேண்டும், குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன்னால் அறிவிப்பு ஒட்ட வேண்டும், சனி ஞாயிறும் விடுமுறையும் அந்த 48-இல் சேராது. முடிந்தால் உங்கள் முறைக்கு முந்தைய கூட்டத்துக்குப் போய்ச் சும்மா பின்வரிசையில் உட்கார்ந்து பாருங்கள். பாதிப் பயம் அங்கேயே போய்விடும்.

எடுத்துப் போக வேண்டியது: பிளம்பர் ரசீது, அதில் "கிரால் ஸ்பேஸில் குழாய் வெடிப்பு" என்று எழுதியிருக்க வேண்டும். பனிப் பாளத்தின் போட்டோ, பக்கத்து வீட்டு அம்மாவிடம் இருக்கிறதா என்று கேளுங்கள். பன்னிரண்டு மாதப் பில். அப்புறம் மணிவாரி மீட்டர் பதிவு. இப்போது பல ஊர்களில் மீட்டர் ரேடியோ வழியாக மணிக்கு மணி அளவை அனுப்புகிறது. அதை அலுவலகத்தில் கேளுங்கள். தரத் தயங்கினால் பொது ஆவணச் சட்டப்படி எழுத்தில் கேளுங்கள், ஏழு நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே ஒரே பக்கத்தில் ஒரு கடிதம். உறுப்பினர்களின் எண்ணிக்கையோடு நான்கைந்து நகல் சேர்த்து எடுங்கள்.

பணம்: 20-ஆம் தேதிக்குள் 297 டாலரைக் கட்டிவிடுங்கள். அதாவது தண்ணீர் 233, சராசரிப்படி கழிவுநீர் 46, மழைநீரும் குப்பையும் 18. மீதி 369-க்கு மட்டும் தகராறு என்று எழுதிக் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். ஒன்றுமே கட்டாமல் விட்டுவிடாதீர்கள். இந்தியானாவில் கட்டாத கழிவுநீர்க் கட்டணத்துக்கு 10 சதவீத அபராதம் சேரும். அதையும் தாண்டி விட்டால் சொத்தின் மேலேயே பாத்தியதை விழுந்து, சொத்துவரியோடு சேர்ந்து வரும்.

பேச்சைப் பற்றிக் கவலையே வேண்டாம். எழுதி வைத்து வாசியுங்கள். நானும் முதல் வருடம் தொலைபேசியை எடுக்கவே நடுங்கியவள்தான். எண்ணும் தேதியும் சரியாக இருந்தால் யாரும் உச்சரிப்பைப் பார்க்க மாட்டார்கள்.

---

டெட்ராய்ட் பக்கம்:

இவ்வளவு வளைந்து கொடுக்க வேண்டுமா? மாதாமாதம் வரி வாங்குகிறார்கள். 12 நாள் ஒரு வீட்டில் விடாமல் தண்ணீர் ஓடுகிறது, மணிக்கு மணி மீட்டர் சொல்கிறது, ஒரு எச்சரிக்கைகூட அனுப்பவில்லை. தண்ணீர், மின்சாரக் கட்டணங்களைக் கண்காணிக்கிற மாநில ஆணையத்தில் புகார் கொடுங்கள், இல்லையென்றால் வக்கீலைப் பாருங்கள். கேட்டால்தான் திருந்துவார்கள்.

---

பழைய கவுண்டர்:

எச்சரிக்கை அனுப்பியிருக்க வேண்டும் என்பதில் நீங்கள் சொல்வது நியாயம், வாரியத்திலேயே அதைச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். ஆனால் நகராட்சிகள் நடத்துகிற கழிவுநீர்க் கட்டணம் இந்தியானா மாநில ஆணையத்தின் கட்டுப்பாட்டில் இல்லை. அங்கே போனால் "எங்கள் வேலை இல்லை" என்று திருப்பி அனுப்புவார்கள், அதற்குள் கடைசித் தேதி போய்விடும். வக்கீலுக்கு ஒரு மணி நேரத்துக்குக் கொடுப்பதே 369-ஐ நெருங்கிவிடும்.

உரிமை இல்லையா என்றால், இருக்கிறது. மெம்பிஸ் நகரத்தில் ஒரு தம்பதி வாங்கிய வீடு முன்பு இரட்டை வீடாக இருந்தது. அதனால் இரண்டு செட் மீட்டர், இரண்டு பில். ஐந்து முறை இணைப்பைத் துண்டித்தார்கள். அந்தப் பெண் பலமுறை வேலைக்குப் போகாமல் அலுவலகத்துக்கு அலைந்தார், யாரும் சரியாக விளக்கவில்லை. அது உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1978-இல் தீர்ப்பு. மெம்பிஸ் லைட், கேஸ் அண்ட் வாட்டர் எதிர் கிராஃப்ட் என்று தேடினால் கிடைக்கும், நீதிபதி பவல் எழுதியது. நகரமே நடத்துகிற நிறுவனம் இணைப்பைத் துண்டிப்பதற்கு முன்னால், பில்லில் தகராறு இருந்தால் யாரிடம் போய்ச் சொல்லலாம் என்பதைத் தெரிவிக்க வேண்டும், அந்த முறையீட்டைக் கேட்கிற ஊழியருக்குப் பில்லைத் திருத்தும் அதிகாரமும் இருக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. எனக்கு வேலை கற்றுக்கொடுத்த அம்மா முதல் வாரமே இந்தக் கதையைச் சொன்னார். துண்டிப்பு நோட்டீஸின் அடியில் பொடி எழுத்தில் இருக்கிற அந்த இரண்டு வரியை, அதற்கப்புறம் நான் யாருக்கும் வட்டம் போட்டுக் காட்டாமல் கொடுத்ததில்லை.

---

நீர்க்குழாய்:

நான் குடிநீர், கழிவுநீர் வடிவமைப்பில் வேலை பார்க்கும் இன்ஜினியர். அக்கா சொன்னதோடு இரண்டு மூன்று சேர்க்கிறேன்.

மீட்டர் தப்பு என்று வாதாடாதீர்கள். மீட்டரைச் சோதிக்கச் சொல்லிக் கேட்கலாம், ஆனால் பழைய இயந்திர மீட்டர்கள் தேயத் தேயக் குறைவாகத்தான் காட்டும், கூடுதலாகக் காட்டுவது அபூர்வம். உங்கள் கணக்கே ஒத்துவருகிறது. 18 இரவு பதினொன்றிலிருந்து 30 இரவு பதினொன்று வரை 288 மணி நேரம். மணிக்கு 150 கேலன் என்றால் 43,200. விரிசல் விட்ட செம்புக் குழாயில் நிமிடத்துக்கு இரண்டரை கேலன் என்பது நம்பக்கூடிய அளவு. மணிவாரிப் பதிவில் அந்த 288 மணியும் ஒரே மட்டமாக, இரவு பகல் வித்தியாசம் இல்லாமல் கோடு போட்ட மாதிரி இருக்கும். ஆள் புழங்குகிற வீட்டில் அப்படி இருக்காது. அதை அச்சிட்டு எடுத்துப் போங்கள், நீங்கள் பேச வேண்டியதில் பாதியை அது பேசிவிடும்.

உங்களிடம் ஒரு கேள்வி. கிரால் ஸ்பேஸில் நிரம்பிய தண்ணீர் எப்படி வெளியே வந்தது? சம்ப் பம்ப் இருக்கிறது என்று நினைக்கிறேன். (நம் ஊர் சம்ப் வேறு, அது தண்ணீர் சேமிக்கிற தொட்டி. இங்கே அது ஊறி வருகிற நீரை வெளியே தள்ளுவதற்கான குழி.) அந்தப் பம்பின் குழாய் எங்கே போகிறது என்று நேரில் பாருங்கள். வெளியே புல்தரையில் கொட்டினால் உங்கள் வாதம் நிற்கும், பனிப் பாளமே சாட்சி. சில பழைய வீடுகளில் யாரோ அதைக் கழிவுநீர்க் குழாயோடு சேர்த்துவிட்டிருப்பார்கள். மழைநாளில் சுத்திகரிப்பு நிலையம் நிரம்பி வழிவதற்கு அதுவும் ஒரு காரணம் என்பதால் நகரங்கள் அதைத் தடுக்கின்றன. அப்படி இருந்தால் தண்ணீர் சாக்கடைக்குத்தான் போயிருக்கிறது, தள்ளுபடி கேட்க முடியாது. வாரியம் இதைக் கேட்காமல் விடாது.

இன்னொன்று, கழிவுநீர்தான் தண்ணீரைவிட ஏன் இவ்வளவு அதிகம் என்று பலர் கேட்கிறார்கள். இந்தியானாவின் பழைய நகரங்கள் பலவற்றில் மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் ஓடும்படி நூறு வருடத்துக்கு முன்னால் கட்டிவிட்டார்கள். பெருமழை பெய்தால் இரண்டும் கலந்து நேராக ஆற்றில் போய் விழும். 1972-இன் தூய நீர்ச் சட்டத்தின் கீழ் இதைக் குறைத்தே ஆக வேண்டும் என்று மத்திய அரசு நகரங்களோடு ஒப்பந்தம் போட்டது. இண்டியானாபோலிஸில் அதற்காக 250 அடி ஆழத்தில் 28 மைல் நீளத்துக்குச் சுரங்கம் தோண்டினார்கள். ஃபோர்ட் வேனில் சுமார் 5 மைல். இப்படிப்பட்ட வேலைகளுக்கு வாங்கிய கடன் வீட்டுக்கு வீடு கழிவுநீர்க் கட்டணமாகத்தான் திரும்பி வருகிறது. நான் இதில் வேலை செய்கிறவன் என்பதால் சொல்கிறேன், அந்தப் பணம் வீண் போகவில்லை, ஆறு சுத்தமாகிறது. ஆனாலும் உங்கள் 369 அந்தக் கணக்கில் சேர வேண்டிய பணம் இல்லை.

---

ஓஹியோ வாடகைவீடு:

எனக்கு இது நடந்தது, தோற்றேன். டாய்லெட் டேங்கின் அடியில் இருக்கிற ரப்பர் மூடி தேய்ந்துபோய் மூன்று மாதம் சத்தமில்லாமல் ஒழுகியிருக்கிறது. பில் 310 டாலர். முறையிட்டபோது, "தண்ணீர் சாக்கடைக்குத்தானே போயிற்று, நாங்கள் சுத்திகரித்தோம்" என்றார்கள். பதில் சொல்ல முடியவில்லை, அது உண்மைதானே. ஆனால் போனதில் ஒரு நன்மை, ஆறு தவணையாகக் கட்ட அனுமதித்தார்கள், அபராதம் போடவில்லை.

எல்லோரும் இன்றைக்கே செய்து பாருங்கள்: டேங்கில் நான்கு சொட்டு கேசரிக் கலர் விடுங்கள், இருபது நிமிடம் யாரும் பிளஷ் செய்யக்கூடாது. கீழே கிண்ணத்தில் கலர் இறங்கியிருந்தால் மூடி போய்விட்டது. கடையில் பத்து டாலருக்குள் கிடைக்கும்.

---

பொருநைக்கரை:

எல்லோருக்கும் நன்றி. நேற்று மாலை கூட்டம் முடிந்தது. நடந்ததை அப்படியே எழுதுகிறேன், அடுத்தவருக்கு உதவும்.

அக்கா சொன்னபடி அதற்கு முந்தைய கூட்டத்துக்குப் போய் உட்கார்ந்தேன். ஒரு பெரியவர், பனி தள்ளுகிற வண்டி தன் தபால்பெட்டியின் கம்பத்தை முறித்துவிட்டது என்று வந்திருந்தார். கையில் முறிந்த துண்டையே கொண்டுவந்திருந்தார். தெருப் பராமரிப்பு அதிகாரி அங்கேயே எழுந்து, அன்று எந்த வண்டி அந்தத் தெருவில் போயிற்று என்று பார்த்துச் சொல்லி, வெள்ளிக்கிழமைக்குள் புதுக் கம்பம் நடுவதாக ஒத்துக்கொண்டார். நான்கு நிமிடத்தில் முடிந்தது. அவர் வெளியே போகும்போது எல்லோருக்கும் கையசைத்துவிட்டுப் போனார். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

20-ஆம் தேதிக்கு முன்பே 297 டாலர் கட்டி, 369-க்கு எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொண்டேன். மணிவாரிப் பதிவைக் கவுண்டரில் கேட்டதும் அந்த அம்மா உடனே அச்சிட்டுத் தந்தார், தயங்கவே இல்லை. இன்ஜினியர் சொன்னது போலவே ஒரே நேர்க்கோடு. சம்ப் பம்பின் குழாயைப் போய்ப் பார்த்தேன். பக்கவாட்டுப் புல்தரையில்தான் கொட்டுகிறது. குழாயின் வாயிலிருந்து பனிப் பாளம் வரை வருகிற மாதிரி பக்கத்து வீட்டு அம்மா எடுத்திருந்த போட்டோ கிடைத்தது. அவர் அதைத் தன் பேரனுக்கு அனுப்ப எடுத்தாராம்.

என் முறை மூன்றாவது. அதற்கு முன்னால் மாரத்தானுக்குச் சாலை மூடுவது, ஒரு சாக்கடைக் குழாய் ஒப்பந்தம். மேசையில் மூன்று பேர், பக்கத்தில் நகரத்தின் வக்கீல். எழுதி வைத்ததை வாசித்தேன். குரல் முதலில் கொஞ்சம் நடுங்கியது, எண்கள் வந்ததும் நின்றுவிட்டது. நடுவில் இருந்த பெண் உறுப்பினர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "உங்கள் சம்ப் பம்ப் எங்கே கொட்டுகிறது?" போட்டோவைக் கொடுத்தேன். மூன்று பேரும் கைமாற்றிப் பார்த்தார்கள். பில் அலுவலகத்து மேலாளர் எழுந்து பதிவு சரிதான், 12 மாதச் சராசரி 4 ஆயிரம்தான் என்றார். ஒருவர் முன்மொழிந்தார், இன்னொருவர் வழிமொழிந்தார், மூன்று பேரும் "ஆய்" (Aye, அதாவது சம்மதம்) என்றார்கள். கழிவுநீரில் 369 டாலர் கழிவு.

தண்ணீர்ப் பகுதியைப் பற்றி நான் கேட்கவே இல்லை. ஆனால் எச்சரிக்கை விஷயத்தைச் சொன்னேன். 12 நாள் விடாமல் ஓடினால் மீட்டருக்குத் தெரிகிறதே, வீட்டுக்காரருக்கு ஒரு மெசேஜ் வந்தால் ஒரு நாளில் நின்றிருக்குமே, என்னைவிட வயதானவர்கள், தனியாக இருப்பவர்கள் எத்தனையோ பேர் இந்த ஊரில் இருக்கிறார்கள் என்றேன். மென்பொருளில் அந்த வசதி இருக்கிறது, ஆனால் கேட்டவர்களுக்கு மட்டும்தான் போட்டிருக்கிறோம் என்று மேலாளர் சொன்னார். வரும் மாதப் பில்லில் எல்லோருக்கும் அதைப் பற்றி ஒரு துண்டுச்சீட்டு வைக்கச் சொல்லி அந்தப் பெண் உறுப்பினர் கேட்டுக்கொண்டார். அது கூட்டக் குறிப்பில் ஏறியதைப் பார்த்தேன்.

என் மனைவியும் வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். வெளியே வந்ததும் அவர் கேட்டது, "இவ்வளவுதானா?"

பக்கத்து வீட்டு அம்மாவுக்கு இன்று முறுக்கும் அதிரசமும் கொண்டுபோய்க் கொடுத்தோம். கிரால் ஸ்பேஸ் துளைகள் எல்லாவற்றையும் எண்ணி மூடிவிட்டேன். மொத்தம் ஆறு.

---

பழைய கவுண்டர்:

தம்பி, படிக்கப் படிக்கக் கண் கலங்கிவிட்டது. அந்தத் துண்டுச்சீட்டு விஷயம் எனக்கு உங்கள் 369-ஐவிடப் பெரிதாகப் படுகிறது. நான் இருந்த ஊரில் அதைச் சொல்ல யாரும் எழுந்து நிற்கவில்லை.

இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. அடுத்த பில் வந்ததும் கழிவுநீர் வரியில் 369.00 கழிந்திருக்கிறதா என்று பாருங்கள். கூடவே 36.90 என்று ஓர் அபராதம் ஏறியிருக்கலாம். 20-ஆம் தேதி தாண்டியதும் கம்ப்யூட்டர் தானாகவே 10 சதவீதம் போட்டிருக்கும், வாரியம் கூடியது அதற்குப் பிறகுதானே. கழித்த தொகைக்கு அபராதம் நிற்காது. மறுபடியும் கூட்டத்துக்குப் போக வேண்டியதில்லை, குறிப்பின் நகலோடு கவுண்டருக்குப் போனால் போதும், அந்த அம்மாவே எடுத்துவிடுவார். இது அவரால் முடிகிற வேலை.